கடைமடைக்கு முதல் போன்

கீழ்பவானி வாய்க்காலில் பிரிவுப் பொறியாளராக இருப்பவரிடம் பெரிய அதிகாரம் இருப்பதாக ஊரில் ஓர் எண்ணம் உண்டு. ஜீப் வருகிறது, பின்னால் லஸ்கர்கள், அதாவது மதகையும் கரையையும் பார்க்கும் ஊழியர்கள், நிற்கிறார்கள், ஷட்டர் சாவி அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் அணையை என்றைக்குத் திறப்பது என்று முடிவு செய்வது அரசு. தலைமதகில் எத்தனை கனஅடி விடுவது என்பதை மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேல் பிரிவுகளைத் தாண்டி நம் எல்லைக்குள் எவ்வளவு வந்து சேருகிறதோ, அதை மதகு மதகாகப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் பிரிவுப் பொறியாளர் வேலை. அதற்கும் நடுவில் யாராவது கல்லைப் போட்டு மறித்திருப்பார்கள்.

நான் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தபோது எங்கள் துறைக்குப் பெயர் பொதுப்பணித்துறை. 2021-ல் நீர்வளத்துறை தனியாகப் பிரிந்தது. இடையில் கட்டடம், வடிவமைப்பு என்று சுற்றினாலும் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது வாய்க்கால்தான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டதால் எழுதுகிறேன். பணியில் இருக்கும்போது எழுதியிருக்க முடியாது. அரசுப் பணியாளர்களுக்கான 1973-ம் ஆண்டு நடத்தை விதிகளைப் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். எந்தப் பிரிவு, எந்த ஊர், எந்த அதிகாரி என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள், அதுவும் பொதுமக்களின் கோபத்துக்கு நேர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டவர்கள், படித்தால் போதும்.

தண்ணீரைக் கூட்டிக்கொடுக்கும் அதிகாரம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தகவலை முன்கூட்டியே சொல்ல யாருடைய உத்தரவும் தேவைப்பட்டதில்லை. இந்த இரண்டாவதை வைத்துத்தான் பெரும்பாலான சமயங்களில் வண்டி ஓட்டினேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிந்தது. 105 அடி உயரம், 32.8 டிஎம்சி கொள்ளளவு. அங்கிருந்து கிளம்பும் கீழ்பவானி பிரதான வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கத் தண்ணீர் காணாது. அதனால் ஆயக்கட்டை, அதாவது பாசனம் பெறும் நிலத்தை, இரண்டு பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். வழக்கமாக ஆகஸ்ட் 15-ல் திறந்து 120 நாட்கள் ஒரு பாதிக்கு நஞ்சைக்கு, அதாவது நெல்லுக்கு. தை பிறந்த பிறகு அடுத்த பாதிக்குப் புஞ்சைக்கு, கடலைக்கும் எள்ளுக்கும். ஒரு வருஷம் ஒற்றைப்படை மதகுகள் நஞ்சை என்றால் மறு வருஷம் இரட்டைப்படை. ஒரு பாதி என்பது 1,03,500 ஏக்கர். அரசாணையில் வரும் இந்த எண்ணை வாய்க்கால் கரையில் இருக்கும் எந்த விவசாயியும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்.

இதில் வாய்க்கால் தொடங்கும் பக்கம் தலைமடை, முடியும் பக்கம் கடைமடை என்று இரண்டு உலகம் இருக்கிறது. தலைமடைக்காரர் காலையில் தோட்டத்துக்குப் போகும்போதே வாய்க்காலைப் பார்த்துவிடுவார். தண்ணீர் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா, கலங்கலா, தெளிவா என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடைமடைக்காரருக்குத் தண்ணீருக்கு முன்னால் வதந்திதான் வந்து சேரும். "மேல அடைச்சுட்டாங்களாமா", "அந்தப் பிரிவுல மேடத்தைச் சரிக்கட்டிட்டாங்களாமா" என்று டீக்கடையில் கிளம்பும் பேச்சு மாலைக்குள் முற்றி, மறுநாள் அலுவலக வாசலில் வந்து நிற்கும். அவர் நாற்று விட்டிருப்பார், ஆளுக்கு அச்சாரம் கொடுத்திருப்பார், டிராக்டர் சொல்லி வைத்திருப்பார். புதன்கிழமை வரவேண்டிய தண்ணீர் சனிக்கிழமை வந்தால் அவருக்குப் போவது மூன்று நாள் மட்டும் கிடையாது.

ஆகவே நான் ஒரு வழக்கம் வைத்தேன். தண்ணீர் விடும் முறையில் எந்த மாற்றம் வந்தாலும் முதல் போன் கடைமடைக்கு. பாசன சபைத் தலைவர்களை வரிசையாகக் கூப்பிடும்போது பட்டியலைக் கீழிருந்து மேலே வாசிப்பேன். தலைமடைச் சபைத் தலைவர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துவிட்டு, "ஏனுங் மேடம், எங்களுக்கெல்லாம் பொறவுதானுங்களா?" என்று கேட்டார். "உங்களுக்கு வாய்க்கால் சொல்லிடுதுங்கண்ணா, அவங்களுக்கு நான்தான் சொல்லணும்" என்றேன். சிரித்தார். அவருக்கு மனத்தாங்கல் இருந்ததா என்று தெரியாது, அதற்குப் பிறகு கேட்கவில்லை.

போனில் என்ன சொல்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருமுறை நல்ல மழையில் மேல் பிரிவில் மண்கரை இளகிவிட்டது. மூட்டை அடுக்கிக் கெட்டிப்படுத்தும் வரை தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் அலுவலகங்களில் வழக்கமாக நடப்பது, தகவல் முழுதாகத் தெரியும் வரை போனை எடுக்காமல் இருப்பது. நான் கூப்பிட்டுச் சொன்னது ஏறக்குறைய இப்படித்தான்:

"அண்ணா, மேல கரை இளகிருச்சுங்க, மூட்டை அடுக்கறாங்க. அதனால தண்ணி கொறைச்சிருக்காங்க. உங்க மதகுக்குப் புதன்கிழமை வராதுங்க. என்னைக்கு வரும்னு இப்ப எனக்குத் தெரியாது. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்புடறனுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தெரியாதுன்னு சொல்றதுக்கா கூப்பிட்டீங்க?" என்றார். பிறகு, "சரீங், ஆறு மணிக்குப் பாக்கறன்."

மறுநாள் ஆறு மணிக்கும் எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியாது. ஆனாலும் கூப்பிட்டேன். "இன்னும் வேலை முடியலைங்க, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மறுபடி சொல்றேன்." அந்த இரண்டாவது போன்தான் வேலை செய்தது. அவர் டிராக்டரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார், ஆட்களைக் களையெடுக்கத் திருப்பிவிட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் அலுவலகத்துக்குக் கடைமடையிலிருந்து ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

இதில் மூன்று பாகம் இருக்கிறது: தெரிந்தது எது, தெரியாதது எது, அடுத்து எப்போது சொல்வேன். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் கைவிரிப்பு. நேரத்தைச் சொல்லிவிட்டுக் கூப்பிடாமல் விட்டால் அதைவிட மோசம். முதலிலேயே பேசாமல் இருந்திருக்கலாம்.

பிற்பாடு வாட்ஸ்அப் வந்ததும் இதே வேலையை அதில் செய்தோம். ஒவ்வொரு சபைக்கும் குழு. தினம் காலையில் லஸ்கர், நீர்மட்டம் காட்டும் கேஜ் தட்டைப் போட்டோ எடுத்துப் போட வேண்டும். பக்கத்தில் ஒரு சிலேட்டில் சுண்ணாம்புக்கட்டியால் தேதியும் மணியும். சிலேட்டு எதற்கு என்றால், நேற்றைய போட்டோவை இன்றைக்குப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு புகார் வந்தது, அதற்காக. குழுவில் வாக்குவாதம் கிளம்பினால் நான் பதில் எழுத மாட்டேன். சம்பந்தப்பட்டவரை நேராகப் போனில் கூப்பிடுவேன். இருநூறு பேர் பார்க்க எழுதும்போது எந்த மனுஷனும் இறங்கி வரமாட்டான்; தனியாகப் பேசினால் பாதிக்கு மேல் விஷயம் வேறாக இருக்கும்.

விளக்கிச் சொல்வதில் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது பழைய பாசனங்களின் விஷயம். அணையில் தண்ணீர் குறைவான வருஷங்களில், நம் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது, கொடிவேரி அணைக்கட்டிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களிலும், பவானிக்குப் பக்கத்தில் காலிங்கராயனிலும் தண்ணீர் ஓடும். அவை அணைக்குப் பல நூறு வருஷம் முந்தியவை, ஆற்றுத் தண்ணீரில் அவற்றுக்கு முன்னுரிமை உண்டு. காலிங்கராயன் வாய்க்கால் 13-ம் நூற்றாண்டில் வெட்டியது. நம்மாள் பைக்கில் அந்தப் பக்கம் உறவுக்காரர் வீட்டு நோம்பிக்குப் போய்விட்டு, பச்சைப்பசேல் என்று வயலைப் பார்த்துவிட்டு நேராக அலுவலகத்துக்கு வருவார்: "அவங்களும் வெவசாயிதான், நாங்களும் வெவசாயிதான். எங்களுக்கு மட்டும் ஏனுங் இந்த ஓரவஞ்சனை?" முன்னுரிமை, பாத்தியதை என்று சட்டம் பேசினால் கோபம் ஏறும். நான் மேசைமேல் காகிதத்தை வைத்து மூன்று பரப்பளவையும் எழுதிக் காட்டுவேன். தடப்பள்ளியும் அரக்கன்கோட்டையும் சேர்த்து 24,504 ஏக்கர். காலிங்கராயன் 15,743. நம்முடையது ஒரு பாதி மட்டும் 1,03,500. "இருக்கிற தண்ணியில அவங்க பயிரைக் காப்பாத்தலாம். அதையே நம்ம வாய்க்கால்ல விட்டா பாதித் தூரம் நனையறதுக்குள்ள தீர்ந்துடும்." ஏற்றுக்கொண்டார்களா என்றால், எல்லோரும் இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஊரில் போய் அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

தலைமை என்று பயிற்சி வகுப்புகளில் நிறையச் சொல்வார்கள். வாய்க்காலில் அது லஸ்கரோடு தொடங்குகிறது.

நான் போனபோது எங்கள் பிரிவில் இருந்த மூத்த லஸ்கருக்கு என் அப்பா வயது. காய்ந்த தென்னம்பாளைத் துண்டு ஒன்றை வாய்க்காலில் போட்டுவிட்டு அது மிதக்கும் வேகத்துக்குக் கூடவே கரையில் நடப்பார். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரம் வரை. நடந்து முடித்ததும், "நேத்தைக்கு இன்னைக்கு ஒரு பிடி கம்மிங் அம்மிணி" என்பார். கேஜைப் போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். மிதவை வைத்து வேகம் பார்க்கும் முறையைக் கல்லூரியில் எங்களுக்கு இரண்டு பக்கம் பாடமாக வைத்திருந்தார்கள். இப்படிப்பட்டவரிடம் போய் உத்தரவு போடுவது எப்படி? கேட்டுவிட்டுச் சொல்வதுதான். "அண்ணா, அந்தக் கொப்பு வாய்க்காலுக்கு ரெண்டு இஞ்ச் கொறைச்சா கீழ போயிச் சேருமா?" (கொப்பு வாய்க்கால் என்பது கிளை வாய்க்கால்.) அவர் யோசனை சொல்வார், நான் முடிவு சொல்வேன், கேஜ் நோட்டில் என் கையெழுத்து விழும். யோசனை அவருடையதாக இருக்கலாம், முடிவு என்னுடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

ஏன் பாதுகாப்பு என்கிறேன் என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு வாய்க்கால் கரையில் அரசாங்கம் என்று ஒன்று இருந்தால் அது டார்ச் லைட்டோடு நிற்கும் அந்த ஒரு ஆள்தான். காலியிடங்கள் நிரம்பாமல் ஒருவரே பல மைல் பார்ப்பார். (இன்னும் வாய்க்காலில் மைல் கணக்குத்தான். இடம் சொல்வது, கல் நட்டிருப்பது எல்லாம் மைலில்.) வாய்க்காலின் குறுக்கே கல்லும் மணல் மூட்டையும் போட்டு மட்டத்தை உயர்த்தித் தங்கள் மதகுக்கு அதிகம் இழுத்துக்கொள்வது, ஓஸ் போட்டு உறிஞ்சுவது, ஷட்டர் பூட்டை உடைப்பது எல்லாம் ராத்திரி நடக்கிற வேலைகள்.

அப்படி ஒரு ராத்திரி வசதியான ஒருவர் நாலைந்து பேரோடு வந்து ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லியிருக்கிறார். "உன்ற மேடத்துகிட்ட நான் பேசிக்கறன், நீ திருகு." லஸ்கர் எனக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுப் பேசினேன். "அண்ணா, இந்த அளவு வைக்கச் சொன்னது நான். மாத்தறதா இருந்தா நான் நேர்ல வந்து எழுதிக் குடுத்துத்தான் மாத்தணும். நீங்க பூட்டிட்டு வாங்க." அவ்வளவுதான். கோபம் லஸ்கரை விட்டு என் பக்கம் திரும்பிவிட்டது. மறுநாள் அந்த மனிதர் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, கேஜ் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் மதகுக்கு அந்தச் சுற்றில் எத்தனை மணி நேரம், எத்தனை இஞ்ச் போயிருக்கிறது, கீழே இருப்பவருக்கு எவ்வளவு என்று வரிசையாக இருந்தது. வெகுநேரம் பார்த்தார். "நோட்டுல எழுதி வெச்சுக்கறவங்ககிட்ட வாய் குடுக்க முடியாதுங்" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் எனக்கு நண்பராகிவிட்டார் என்றெல்லாம் கதை விட மாட்டேன். அடுத்த வருஷமும் கல் போட்டார்.

லஸ்கரைக் கரையில் வைத்துத் திட்டக் கூடாது. தப்பே செய்திருந்தாலும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து அலுவலகத்தில் பேச வேண்டும். நாலு விவசாயிகள் பார்க்க நீங்கள் அவரைச் சத்தம் போட்டால், அன்று ராத்திரி அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்காது. இதைச் சில நல்ல அதிகாரிகளே கடைப்பிடிக்காமல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். மக்கள் முன்னால் கண்டிப்பாக இருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளும் ஆசைதான் காரணம். அந்த ஆசையின் செலவை வேறொருவர் கட்ட வேண்டியிருக்கிறது.

மேலே பேசுவது தனிக் கலை. ஒரு மதகுக்கு மட்டும் இரண்டு நாள் கூடுதலாக விடச் சொல்லி யாராவது பெரிய இடத்திலிருந்து கூப்பிடுவார்கள். முடியாது என்று நேராகச் சொல்லும் தைரியம் எல்லோருக்கும் வராது, சொன்னாலும் பலன் குறைவு. நான் கேள்வியாகத் திருப்பிவிடுவேன். "சரிங்க சார். அந்த ரெண்டு நாள் தண்ணியை எந்த மதகுல கொறைக்கிறதுன்னு சொல்லிட்டீங்கன்னா, அவங்களுக்கு இன்னைக்கே தகவல் குடுத்துடறேன்." பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். யாரிடமிருந்து எடுக்கிறோம் என்று பெயர் சொல்ல எவருக்கும் மனம் வராது.

நிற்காத சமயங்களும் உண்டு. மேலதிகாரியே வாய்மொழியாக உத்தரவு சொன்னால், செயல்படுத்துவதற்கு முன் ஒரு கடிதம் போய்விட வேண்டும். செய்து முடித்த பிறகு அனுப்பினால் அது புகார் போலத் தெரியும். கடிதத்தில் மனக்குறை வாடையே வரக்கூடாது. "இன்று காலை தொலைபேசியில் தெரிவித்த அறிவுரைப்படி இன்ன மதகின் நீரளவு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை உயர்த்தப்பட உள்ளது. இதனால் கீழுள்ள மதகுகளின் முறை இரண்டு நாட்கள் தள்ளிப்போகும் எனப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். இது யாரையும் மாட்டிவிடுவதற்கான கடிதம் கிடையாது. உண்மையில் நியாயமான காரணம் இருந்து உத்தரவு சொல்லும் அதிகாரிக்கு இது பிடிக்கும். காரணத்தையும் சேர்த்து எழுத்தில் பதில் அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பியவர்களிடம்தான் நான் நிறையக் கற்றேன்.

மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். புதிதாக வருபவர்கள் இதற்குப் பயப்படுவது இயல்பு. கொங்கு நாட்டில் வசவு கூட மரியாதையோடுதான் வரும், அதனால் இன்னும் சுருக்கென்று தைக்கும். "மேடமுங், தண்ணி வருங்களா, இல்ல நாங்க ஊட்டுக்குப் போயிப் படுத்துக்கலாமுங்களா?" கூட்டமே சிரிக்கும். அப்போது நாமும் சிரித்துவிடலாம், தப்பில்லை. கோப்பைப் பிரித்து வாசிக்க ஆரம்பிப்பதுதான் தப்பு. ஒவ்வொரு பிரச்சினைக்கும் மூன்று வாக்கியம் கையில் எழுதிக்கொண்டு போவேன்: இப்போது நிலை என்ன, யார் செய்ய வேண்டியது, எந்தத் தேதிக்குள். தேதி சொல்ல முடியாததற்கு, எந்தத் தேதியில் தேதி சொல்வேன் என்று. வேறு துறை செய்ய வேண்டியதாக இருந்தால் கூட்டத்துக்கு முந்தின நாளே அந்தத் துறை அலுவலரைக் கூப்பிட்டு, "நாளைக்கு இந்தக் கேள்வி வரும், உங்க பேரைச் சொல்லப்போறேன்" என்று சொல்லிவிடுவேன். மேடையில் வைத்து இன்னொரு துறையைக் காட்டிவிடுவது சுலபம். அடுத்த முறை அவர் உங்களைக் காட்டிவிடுவார், விவசாயி இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பார்.

கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். வராண்டாவில் கால்மணி நேரம் நில்லுங்கள். உள்ளே சத்தம் போட்டவர் வெளியே வந்து, "மனசுல வெச்சுக்காதீங் மேடம்" என்பார். அப்புறம்தான் உண்மையான பிரச்சினையைச் சொல்வார். அது பெரும்பாலும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, அல்லது கொப்பு வாய்க்காலை மறித்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்ட வேலி.

எனக்குத் தெரிந்து இந்த வாய்க்காலில் பேச்சுக்கு வந்த பெரிய சோதனை, மண் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் சீரமைப்பு விவகாரம். 2021 பிப்ரவரியில் பிரதமர் கோவையில் அடிக்கல் நாட்டினார். கான்கிரீட் போட்டால் கசிவு குறைந்து கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காக வரும் என்று ஒரு சாரார். மண் வாய்க்கால் கசிவதால்தான் கிணறுகளில் ஊற்று இருக்கிறது, கசிவுநீரை நம்பியே பாசனம் செய்கிறோம், கான்கிரீட் போட்டால் கிணறு வற்றிவிடும் என்று இன்னொரு சாரார். இரண்டு பக்கமும் பட்டினிப் போராட்டம், மனு, வழக்கு. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். ஒரே குடும்பத்தில் ஆயக்கட்டு நிலம் ஒருவருக்கு, கிணற்றுத் தோட்டம் இன்னொருவருக்கு.

பொறியாளரைப் பார்த்து இரு தரப்பும் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க எந்தப் பக்கமுங்?" இதற்கு நழுவலாகப் பதில் சொன்னால் இரண்டு பேரும் சந்தேகப்படுவார்கள். நான் கண்ட வழி, எதிர்த்தரப்பு சொல்வதை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்வது. கான்கிரீட் வேண்டும் என்பவரிடம் கிணற்றுக்காரர் கவலையை, கிணற்றுக்காரரிடம் கடைமடைக்காரர் கவலையை. "அவங்க சொல்றது இதுதானுங்களே?" என்று முடிப்பேன். முகம் சுளிப்பார்கள், ஆனால் ஆமாம் என்பார்கள். என் சொந்தக் கருத்து எனக்கு இருந்தது. அதை வீட்டில் என் கணவரிடம் மட்டும் சொன்னேன். வேலையில் இருக்கும் வரை வாய்க்கால் வேலைக்காரிக்கு அங்கே கருத்து தேவையில்லை, தங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டாள் என்று இரண்டு தரப்பும் நம்பும்படி நடந்துகொண்டால் போதும்.

பெண் என்பதால் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். கரையில் கழிப்பறை கிடையாது, மைல் கணக்கில் நடக்க வேண்டும், எந்த ஊரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டு அம்மாக்கள்தான் எனக்கு வாய்க்காலின் உண்மை நிலவரத்தைச் சொன்னவர்கள். சபைத் தலைவர்களாக வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள்; நடவுக்கும் களைக்கும் ஆள் சேர்ப்பது, எப்போது தண்ணீர் நின்றது என்று நினைவு வைத்திருப்பது பெண்கள். இதைத் தாண்டி அந்தக் கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை.

இனி உத்தியோகம் பற்றிச் சில விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

துறைத் தேர்வுகளைத் தகுதிகாண் பருவத்திலேயே எழுதி முடியுங்கள். டிஎன்பிஎஸ்சி வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்துகிறது. கணக்குத் தேர்வை அப்புறம் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட்டு, தங்களைவிட இளையவர்களின் கீழ் வேலை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். முதுநிலைப் பட்டியல் வெளிவந்தால் அன்றே பாருங்கள். ஆட்சேபம் சொல்லக் கெடு உண்டு. பணிப்பதிவேட்டை வருஷம் ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்த்து, விடுப்புக் கணக்கும் பெயர் எழுத்தும் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கிளார்க் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இருபது வருஷம் கழித்து ஓய்வூதியக் கோப்பில் வரும் வினாவுக்கு அப்போது பதில் சொல்ல அவர் இருக்க மாட்டார்.

மெமோ வந்தால் என்ன செய்வது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. 1955-ம் ஆண்டு ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(அ) சிறு தண்டனைக்கானது, 17(ஆ) பெருந்தண்டனைக்கானது. (அணைக்கும் இந்த விதிக்கும் ஒரே வயது என்பது எங்கள் அலுவலகத்துப் பழைய நகைச்சுவை.) 17(ஆ) நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நின்றுவிடும், அதனால் சின்ன விஷயம்தானே என்று விடக் கூடாது. எங்களோடு இருந்த ஒருவருக்கு வந்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். தான் எவ்வளவு உழைத்தேன், யார் யார் தனக்கு எதிராக வேலை செய்தார்கள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. குற்றச்சாட்டுக்குப் பதில் ஏழாம் பக்கத்தில்தான் ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். அவர் வாசித்துவிட்டு, குற்றச்சாட்டுக் குறிப்பை ஒரு பக்கமும் வெள்ளைத்தாளை ஒரு பக்கமும் வைத்தார். "இந்தக் குறிப்புல எத்தனை வரி இருக்குதோ அத்தனை பதில். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆதாரம். ஆதாரம் உங்க கையில இல்லீன்னா, பதில் எழுதறதுக்கு முன்னாடி அந்தக் கோப்பைப் பாக்க அனுமதி கேட்டு எழுதுங்க." ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. கேஜ் நோட்டு நகல்கள்தான் ஆதாரம். மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது.

தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கும் இதே முறைதான். 30 நாள் இருக்கிறது என்று 29-ம் நாள் வரை வைத்திருக்காதீர்கள். கேட்டதற்கு மட்டும், கேட்ட வரிசையில். நோட்டு ஒழுங்காக இருந்தால் அரைநாள் வேலை.

மாறுதல் வரும்போது எல்லோரும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் தளவாடம், எம்-புக் (வேலை அளவுகளை எழுதும் புத்தகம்), சாவிக்கொத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு மேல் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நான் எழுதி வைப்பது இது: எந்த மதகின் திருகு இறுகும், கிரீஸ் போட்டால் எத்தனை நாள் தாங்கும், எந்தக் கரையில் எலி வளை, மழைக்கு முன் எங்கே மண் கொட்ட வேண்டும், எந்த இரண்டு தோட்டத்துக்காரர்களை ஒரே நேரத்தில் அலுவலகத்துக்குக் கூப்பிடக் கூடாது, கடைமடையில் போன் எடுக்கக்கூடியவர் யார், அவர் எடுக்காவிட்டால் அவர் வீட்டில் யார், எந்த லஸ்கருக்கு ராத்திரியில் கண் சரியாகத் தெரியாது, அவரை எந்தப் பகுதியில் போடக் கூடாது, நான் யாருக்கு என்ன தேதி சொல்லியிருக்கிறேன், அதில் எது இன்னும் பாக்கி. கடைசியில் சொன்னது முக்கியம். புதிதாக வருபவர் முதல் வாரத்திலேயே என் பாக்கித் தேதிகளை நிறைவேற்றினால் ஊர் அவரை நம்பிவிடும். நோட்டை ஜெராக்ஸ் எடுத்து மூத்த லஸ்கரிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள். பொறுப்பேற்றவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போய்விட்டால், தண்ணீர் திறக்கிற அன்று அதுதான் கையில் இருக்கும்.